புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால், தண்ணீர்ப் பயிற்சி

முழங்கால் தேய்மானத்துக்குத் தண்ணீருக்குள் பயிற்சி தரும் இடம் பென்னாகரம் பக்கம் உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சேலத்தில் ஓர் இடம் கிடைத்தது.

தூரத்தைக்கூடச் சமாளித்துவிட்டோம். குளத்தில் இறங்கும் ஏணிதான் தடுத்தது. செங்குத்தான இரும்புக் கம்பி, வழுக்கும் கைப்பிடி. அம்மா முதல் படியில் கால் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே ஏறக்குறைய பாதி எடைதான் காலில் இறங்கும், அதற்காகத்தானே போனோம்! ஒரு சரிவுப் பாதை இருந்திருந்தால் போதும். அப்புறம், சேலையோடு இறங்கக்கூடாது என்றார்கள். உடை மாற்ற மறைவான அறையும் இல்லை.

ஃபுளோரைடு உப்பு மிகுந்த குடிதண்ணீரால் மூட்டு இறுகியவர்கள் இருக்கும் மாவட்டம் எங்களுடையது. தருமபுரியிலேயே இந்த வசதி வேண்டும். இப்போதைக்கு வீட்டில் நாற்காலிப் பயிற்சி செய்கிறார்.