மண்ணைத் தெரிந்தவர்களிடம் நீங்கள் கற்றது என்ன?

அருப்புக்கோட்டையிலிருந்து:
அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் கரிசலை நானே பார்ப்பது என்று போன வருஷம்தான் இறங்கினேன். புரட்டாசியில் நல்ல மழை, மறுநாளே டிராக்டருக்குச் சொல்லிவிட்டேன். பக்கத்துப் புஞ்சைக்காரர், முறைக்குப் பெரியப்பா, வண்டியை வரப்பிலேயே நிறுத்திவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டார். உருண்டை உடையாமல் சப்பென்று ஒட்டிக்கொண்டது. "விழுந்தா உதிரணும்ப்பா. இன்னிக்கு ஓட்டுனா பாளம் பாளமாப் பெயரும், காஞ்சா கல்லு மாதிரி ஆயிரும், அப்புறம் விதைய எங்க போடுவ?" என்றார். அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் வந்து எனக்காக உருட்டிப் பார்த்தார். செவலில், அதாவது செம்மண்ணில், மழை விட்டதும் சீக்கிரம் இறங்கலாம், கரிசல் ஈரத்தை லேசில் விடாது, விட்டால் சட்டென்று இறுகிவிடும், நடுவில் கிடைக்கும் சில நாள்தான் நமக்கு. ஐந்தாம் நாள் உருண்டை உதிர்ந்தது, உழுதோம். கோடையில் வெடிப்பு விழுவதைப் பார்த்து மண் கெட்டுவிட்டதோ என்று பயந்ததையும் அவரிடம் சொன்னேன். மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரியும், மழையில் மூடிக்கொள்ளும், கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்றார்.

ஒரத்தநாட்டிலிருந்து:
அண்ணே, எங்கள் அப்பா நினைவு வந்துவிட்டது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து மந்தையோடு வரும் கீதாரிகளிடம் (ஆடு மேய்ப்பவர்களிடம்) பேசி, எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே அடைத்து ஆட்டுக்கிடை போடுவார். ஒவ்வொரு ராத்திரியும் கிடையை இடம் மாற்ற வேண்டும், கிடை எழுந்ததும் தாமதிக்காமல் மேலாக உழுதுவிட வேண்டும் என்பதில் கறாராக இருப்பார். புழுக்கை அங்கேயே கிடக்கும், மூத்திரத்தின் சத்து வெயிலில் போய்விடும் என்பது அவர் கணக்கு. ஒரு வருஷம் உழவுக்கு ஆள் கிடைக்காமல் பாதி வயல் ஒரு வாரம் அப்படியே கிடந்தது, அந்தப் பாதியில் நெல் வெளிறி நின்றதை நானே பார்த்தேன்.

திருச்சிப் பக்கமிருந்து:
மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப் போனேன். வரப்போரம், மரநிழல், எருக்குழிப் பக்கம் கூடாது என்பதெல்லாம் படித்திருந்தேன். அம்மாதான் "தெக்கு மூலையைத் தனியா எடுடா, தண்ணி காஞ்சா அங்க மட்டும் வெள்ளையாப் பூக்கும்" என்றார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்திருந்தால் தெரிந்தே இருக்காது. அந்த மூலை மட்டும் களர், அதாவது சோடியம் மிகுந்த மண், கார அமில நிலை (pH) 9-ஐத் தொட்டிருந்தது. ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதோம். இந்தச் சம்பாவில் அங்கேயும் பயிர் தூர் கட்டியிருக்கிறது.