ஸ்டிக்கர் ஒட்டிய வீடும் தெருக்குழாயும்

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரத்தில், கொடைக்கானல் மலையிலிருக்கும் எங்கள் பூம்பாறைக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி சென்னையிலிருந்து இ-பாஸ் (பயண அனுமதி) எடுத்துக்கொண்டு வந்தான். வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச்சாவடியில் பெயர் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் ஆட்கள் வந்து கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, வீட்டில் இருக்கும் எல்லோரும் 14 நாள் வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விதியை நான் குறை சொல்லவில்லை. மூச்சுத்திணறல் என்றால் மலை இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதனால் எங்களுக்கும் பயம்தான்.

ஆனால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. குழாய் தெருவில் இருக்கிறது. அந்த அக்கா குடத்தோடு வெளியே வந்தால் விதிமீறல், வராவிட்டால் உலை வைக்கத் தண்ணீர் இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் வந்து பிடித்திருக்கிறார், விடிந்ததும் அதுவே பெரிய சண்டையாகிவிட்டது, "எங்க பிள்ளைங்க குடிக்கிற குழாயைத் தொடலாமா" என்று. அவர்கள் மாட்டுப் பாலையும் யாரும் வாங்கவில்லை.

அப்புறம் எதிர்வீட்டுப் பெரியப்பாதான், "என் தோட்டத்து ஓஸை எடுத்துட்டு வாங்கடா" என்றார். கேரட்டுக்குத் தண்ணீர் விடும் அந்த ஓஸைக் குழாயில் மாட்டி, சாக்கடையைத் தாண்டி, அவர்கள் கொல்லைத் தொட்டிவரை இழுத்துவிட்டோம். சண்டை அத்தோடு நின்றது. கேரட் முற்றினால் வெடித்துவிடும், வெடித்ததை மண்டியில் எடுக்க மாட்டார்கள் என்பதால் அவர்கள் தோட்டத்துக் கேரட்டையும் நாங்களே பறித்து, குதிரையில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து லாரிக்குப் போட்டோம்.

எனக்கு இன்னும் ஆறாதது அந்த ஸ்டிக்கர்தான். 14 நாள் முடிந்தும் கிழிக்க யாரும் வரவில்லை, பயந்துபோய் அவர்களும் தொடவில்லை, அந்த வீட்டுக் குழந்தையை மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்கவில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய நோயாளி வீட்டில் இப்படி ஒட்டக்கூடாது என்று அந்த டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே 2020 செப்டம்பரில் மாநிலத்துக்குள் இ-பாஸ் தேவையில்லை என்று ஆன பிறகும் ஊட்டி, ஏற்காடு மாதிரி கொடைக்கானலுக்கு வர அது தேவைப்பட்டது. லாட்ஜையும் குதிரைச் சவாரியையும் நம்பிப் பிழைப்பவர்கள் தவித்துப்போனார்கள், விவசாயம் செய்கிற எங்கள் தெருவில் அதை யாரும் எதிர்க்கவில்லை. வீட்டை அடைப்பதும் தேவைதான். அடைத்தால் தண்ணீருக்கும் அரிசிக்கும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்த ஸ்டிக்கரிலேயே ஒரு போன் நம்பரைப் போட்டிருக்கலாம்.