இழுவளையமா, நெம்பியா? – குளிர்பானக் கேன் மூடிக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்பானக் கேன் தயாரிப்பு பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மூடியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், நாம் விரலால் தூக்கித் திறக்கும் அந்தச் சிறு உலோகத் துண்டுக்கு இங்கே சொல் கேட்டிருந்தேன். வந்ததில் பலருக்கும் பிடித்தது இது:

> விரல் விட்டு இழுக்கிறோம், பார்க்க வளையமாக இருக்கிறது. 'இழுவளையம்' போதாதா ஐயா?

அழகான சொல், அம்மா. ஆனால் அது வேறொரு பொருளுக்குத்தான் பொருந்தும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் எர்மல் ஃபிரேஸ் 1959-இல் யோசித்து, 1960-களில் பரவிய அமைப்புதான் உண்மையான இழுவளையம். இழுத்தால் மூடியில் ஒரு கீற்றையும் பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிடும். குடித்தவர்கள் கடற்கரையில் வீசிவிட்டுப் போக, வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதங்களைக் கிழித்தது. ரெனால்ட்ஸ் மெட்டல்ஸ் நிறுவனத்தின் டேனியல் கட்ஸிக் வடிவமைத்து 1975-இல் வந்ததுதான் மூடியை விட்டுப் பிரியாத இன்றைய துண்டு. என் கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் வருகின்றன. ஒரே சொல்லை வைத்தால் வாசகர் நிச்சயம் குழம்புவார்.

நேற்று ஒரு கேனை மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியோடு, மிக மெதுவாகத் திறந்து பார்த்தேன். முதலில், துண்டை மூடியோடு பிடித்து வைத்திருக்கும் நடுக்குமிழுக்குப் பக்கத்தில் மட்டும் மயிரிழை அளவு விரிந்து 'உஸ்' என்று காற்று போனது. அந்த நேரத்தில் துண்டின் மூக்கு (முன்நுனி) மூடியில் ஊன்றி நிற்கிறது, குமிழ் மேலே தூக்கப்படுகிறது. இது பள்ளியில் படித்த இரண்டாம் வகை நெம்புகோல்: ஆதாரப்புள்ளி ஓரத்தில், சுமை நடுவில். உள்ளழுத்தம் இறங்கியதும் அதே துண்டு குமிழை ஆதாரப்புள்ளியாக்கிக்கொண்டு, மூடியில் முன்கூட்டியே கீறி வைத்திருக்கும் கோட்டுக்குள் இருக்கும் தகட்டை மூக்கால் உள்ளே அழுத்துகிறது. இப்போது ஆதாரப்புள்ளி நடுவில், அதாவது முதல் வகை. ஒரே அசைவில் இரண்டு நெம்புகோல்! அழுத்தம் ஏறிய கேனை ஒற்றை விரலால் திறக்க முடிவது இதனால்தான். நாம் தூக்குகிறோம், அது நெம்புகிறது.

ஆகவே 'நெம்பி' என்று முன்மொழிகிறேன். மண்வெட்டி, தேங்காய்த் துருவி என்று நம் வீட்டுக் கருவிகளின் பெயர்களுக்கு இருக்கும் அதே சொல்லமைப்பு. நெம்புகோலோடு குழம்புமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கோல் என்றால் நீளமாகக் கண்முன் வருகிறது. கட்டைவிரல் நுனி அளவுத் துண்டுக்கு அது ஒட்டாது. சொல் குட்டையாக இருப்பதிலும் வசதி உண்டு. விளம்பரத்துக்காக இதற்குச் சாயம் பூசுவார்கள். அங்கே 'வண்ண நெம்பி' என்று சுலபமாக எழுதலாம்.

அடுத்தது அந்தக் குமிழ். அகராதியில் 'rivet'-க்கு உள்ள 'தறையாணி'யை (துளையில் செருகித் தலையை நசுக்கிப் பொருத்தும் ஆணி) வைக்கலாம் என்றார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன், அப்புறம் அடித்துவிட்டேன். ஏனென்றால் அங்கே ஆணியே கிடையாது. மூடித் தகட்டையே அச்சில் அழுத்திக் குமிழாக எழுப்பி, நெம்பியின் துளையை அதில் மாட்டி, குமிழின் தலையை நசுக்கிவிடுகிறார்கள். தகட்டில் துளை போட்டு ஆணி அடித்தால் வாயு கசிய வழி உண்டாகிவிடும்.   எனவே நசுக்கிப் பொருத்துவதைக் குறிக்கும் 'தறை'யை வைத்துக்கொண்டு ஆணியை விட்டுவிடலாம்: 'தறைக்குமிழ்'.

மூடியும் உடலும் சேரும் விளிம்புக்கு ('double seam') 'இரட்டைத் தையல்' வேண்டாம். ஊசியும் இல்லை, நூலும் இல்லை. இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று கவ்வி மடிகின்றன. 'இரட்டை மடிப்பு' சரி.

உள்ளே மடங்கிப்போகும் அந்த நாக்கு வடிவத் தகட்டுக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'வாய்த்தகடு' என்று எழுதிப் பார்த்தேன். அது விலகிய பிறகுதானே அங்கே வாய் உண்டாகிறது என்ற நெருடல் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். தோன்றியதை எழுதுங்கள்.

அன்புடன்