புதுப்பிப்பு: 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிள், குண்டுகள் சிதறியது ஏன்?

10 மீட்டரில் குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் சிதறுவதாகவும், ஸ்பிரிங்கை மாற்றலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். ஸ்பிரிங்கில் குறையில்லை, குழல் மடங்கும் இடத்து ஓ ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) நசுங்கிக் காற்று கசிந்தது. சோதனை எளிது: அந்த இணைப்பின்மேல் டிஷ்யூ துண்டு வைத்துச் சுடுங்கள், படபடத்தால் கசிவு. புது ரிங் மேற்பரப்பிலிருந்து மயிரிழை துருத்தி நிற்க வேண்டும். துப்பாக்கிக் கட்டையின் (தோளில் அணைக்கும் பிடி) திருகுகளும் தளர்ந்திருந்தன. அதிர்வில் மறுபடி கழலும், அடிக்கடி பாருங்கள்.

காற்று அறைக்குள் எண்ணெய் விடவே கூடாது! அழுத்தச் சூட்டில் பற்றி, பிஸ்டன் சீலைக் (உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டனின் அடைப்பு) கருக்கிவிடும். ஏற்காட்டு மூடுபனிக்கு வெளி இரும்பில் மெல்லிய பூச்சு போதும்.

அதிக விசை ஸ்பிரிங் தேவையே இல்லை. 0.53 கிராம் குண்டு விநாடிக்கு 175 மீட்டரில் சுமார் 8 ஜூல் ஆற்றல். 20 ஜூலுக்கு மேல் போனால் உரிமம் வேண்டும்.