பக்-அவுட்: வெளியடியா, எற்றா?

அன்புடையீர்,
ஹர்லிங் என்ற ஐரிஷ் மட்டைப்பந்தாட்டத்தில் கார்க் மாவட்ட அணியின் கோல் காப்பாளராக இருந்த டோனல் ஓக் கியூசாக் பற்றிய கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பக்-அவுட்' என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்பதுதான் உறுத்துகிறது. எதிரணி அடித்த பந்து கடைக்கோட்டைத் தாண்டினாலோ புள்ளி விழுந்தாலோ, காப்பாளர் கோல்முன் சிறுகட்டத்துள் நின்று பந்தைக் கையால் தூக்கிப்போட்டு அடிப்பது. 'கோலடி' எனலாமா?
— கு.

கூடாது. 'கியூசாக் கோலடித்தார்' என்றால் அவர் கோல் போட்டதாகவே படிப்பார்கள். ஐரிஷில் 'போக் அமாக்': போக் அடி, அமாக் வெளியே. வெளியடி.
— ந.

வெளியடி என்றால் பந்து திடலைவிட்டுப் போனதாகப் படும். அடித்துத் தள்ளுவதற்கு 'எற்று' இருக்கிறதே. கியூசாக் பெயர் வாங்கியது குறும் பக்-அவுட்டால். நடுத்திடலுக்கு ஓங்கி அடித்தால் இறங்கும் பந்துக்கு இரு அணியும் முட்டிமோதும். யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அவரோ ஆள்நெருக்கமில்லாமல் நிற்கும் தம் தடுப்பாட்டக்காரரைப் பார்த்து அனுப்புவார். நெட்டெற்று, குற்றெற்று. தன்னொற்று இரட்டி எவ்வளவு கட்டாக நிற்கிறது!
— ப.

ஐயா, குற்றெற்றைப் பள்ளிப்பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டுமே. கிட்டிப்புள்ளில் புள்ளைத் தெண்டி, அதாவது நெம்பி எழுப்பி, அடிப்பதுபோல், 'தெண்டியடி'?
— ச.

தெண்டுவது கோலால். பக்-அவுட்டில் பந்து கையிலிருந்து வருகிறது. வீச்சு தவறிக் கீழே விழுந்தால்தான் மட்டையால் தெண்டலாம், திரும்பக் கையில் எடுக்கக் கூடாது. தெண்டியடியைப் பெனால்ட்டிக்கு வையுங்கள். கியூசாக்குக்குப் பின் வந்த ஆன்டனி நாஷ், 20 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை முன்னே தெண்டிவிட்டு, ஓடிப்போய்க் கோலுக்கு இன்னும் அருகில் வைத்து அறைவார். அதனால்தான் 2014இல் அந்தக் கோட்டைத் தாண்டி அடிக்கக் கூடாது என்றார்கள்.
— ந.

'மட்டை'யும் சரியில்லை. ஹர்லி என்னும் அந்த ஆட்டக்கோலை ஆஷ் மரத்தின் வேரடி வளைவிலிருந்து அறுக்கிறார்கள். முனை வளைந்த கோலுக்குச் செண்டு என்று பெயர். ஐயனார் கையில் இருப்பது, உக்கிரபாண்டியன் மேருவை அடித்தது. செண்டெற்று!
— ப.

இன்று செண்டு என்றால் பூச்செண்டுதான் ஐயா.
— ச.

நேரமில்லை. வெளியடி, குறு வெளியடி, நெடு வெளியடி என்றே போகிறேன்; முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் இருக்கும். கார்க் வென்ற 1999, 2004, 2005 பட்டங்களின் பத்தியிலும் அதுவே.
— கு.

எனக்கு உடன்பாடில்லை. 'பந்து வெளியே போனதால் காப்பாளர் வெளியடி அடித்தார்' என்று பத்திக்கொருமுறை எழுத நேரும், பாருங்கள்.
— ப.