புதுப்பிப்பு: 350 டிகிரி கேக் விவகாரம்

கேக் குறிப்பில் 350 டிகிரி என்றிருக்கிறது, என் ஓடிஜி (சிறிய மின்சார அவன்) டயலோ 250-லேயே முடிகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. அது அமெரிக்கக் குறிப்பு, ஃபாரன்ஹீட் கணக்கு. 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 177 செல்சியஸ்.

டயலை 180-க்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். அப்படியும் மேலே கருகல். நடுவில் குச்சியை விட்டால் மாவு ஒட்டுகிறது. அப்புறம்தான் பார்த்தேன், உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது! ஃபேன் இருந்தால் சுமார் 20 டிகிரி குறைக்க வேண்டும். நேற்று 160-ல் வைத்தேன். பொன்னிறம், குச்சியும் சுத்தம்.

‘கேஸ் மார்க் 4’ பற்றிக் கேட்டவருக்கு: அது பிரிட்டிஷ் அடுப்புக் கணக்கு. இதே 350 ஃபாரன்ஹீட்தான். அங்கிருந்து எண் ஒன்று ஏறினால் 25 ஃபாரன்ஹீட் கூடும்.