தென்கச்சியார் நிறுத்திய இடம்

மர்பி ரேடியோ:
தென்கச்சி கோ. சுவாமிநாதன் 2009 செப்டம்பரில் காலமானார். வானொலியில் அவர் பேசிய 'இன்று ஒரு தகவல்' பற்றி இங்கே யாருக்கும் முன்னுரை வேண்டாம், நேரே விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் மண்டையைக் குடைவது ஒரே இடம்தான்: கடைசி வரிக்கு முந்தைய நிறுத்தம். தகவல் முடிந்து ஒரு குட்டிக்கதை வரும். சிரிப்பு வரவேண்டிய வரிக்கு முன்னால் ஒரு மூச்சளவு மௌனம். அந்த வரியை மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் தாழ்த்தியே சொல்லிவிட்டுப் போய்விடுவார். நாம் சிரிக்கத் தொடங்கும்போது அவர் அங்கே இல்லை. இன்றைய பண்பலையில் அதே வரியைக் குரலை ஏற்றிச் சொல்லி, தாங்களே முதலில் சிரித்து, போதாததற்கு ஒரு 'டொய்ங்' சத்தமும் போடுகிறார்கள். கேட்கிறவனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

நெல்லைச் சீமை:
மர்பி அண்ணே, நிறுத்தம் சரிதான், ஆனா அடித்தளம் வேறு. மனுஷன் வேளாண்மை படித்தவர். 1970-களின் பிற்பகுதியில் திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சிக்குத்தான் முதலில் வந்தார். அங்கே குரல் வித்தை செல்லாது. ஏக்கருக்கு எத்தனை கிலோ, எந்த நாளில் மேலுரம், பத்து லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்று சொல்லும்போது கேட்கிறவர் கையில் பேனா இருக்காது, மாட்டுக்கயிறு இருக்கும். அதனால் ஒரு வாக்கியத்துக்கு ஓர் எண்தான். அதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை மருந்தின் பெயரோடு சேர்த்து. இரண்டு எண்ணை ஒரே மூச்சில் சொன்னால் அளவு மாறிப் பயிர் கருகும். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 நெல் ரகத்துக்கு 'ரேடியோ நெல்லு' என்றே பேர் விழுந்தது, வானொலியை நம்பித்தானே விதைத்தார்கள்! அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறிய வாய் நகைச்சுவைக்கு வந்தால் நிதானம் தானாக வரும்.

ஸ்பூல் கத்தி:
நீங்க ரெண்டு பேரும் பேச்சாளரையே பார்க்கிறீங்க. நிறுத்தம் ஒலிபரப்பில் பிழைக்கணுமே? ஸ்பூல் காலத்தில், அதாவது ஒலிநாடாச் சுருளில் பதிந்த காலத்தில், டேப் வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். முக்கால் வினாடி மௌனம் என்றால் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் வெறும் நாடா, கண்ணெதிரே கிடக்கும். அதை வெட்டப் போகிறவருக்குக் கை ஒருமுறை தயங்கும். 45 டிகிரி சாய்வில் வெட்டி ஒட்டணும், நேராக வெட்டினால் 'டக்'கென்று கேட்கும். இப்போ கணினியில் மௌனம் சுருக்கும் பொத்தான் ஒன்று இருக்கு. ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் வழக்கமான அமைப்பை அப்படியே விட்டால் அரை வினாடிக்கு மேற்பட்ட மௌனம் எல்லாம் குறுகிவிடும். தென்கச்சியாரின் பழைய பதிவை அதில் போட்டால் ஆள் அவசரக்காரராக மாறிவிடுவார்!

கேட்காமலே இன்னும் சொல்கிறேன். நிறுத்தம் கூட்ட வேண்டும் என்றால் சுத்த மௌனத்தைச் செருகாதீங்க. ஒலி அறுந்ததுபோல் காது திடுக்கிடும். பேசத் தொடங்கும் முன் பத்து வினாடி அறையின் வெறும் இரைச்சலைப் பதிந்து, அதிலிருந்து வெட்டி ஒட்டுங்க. மைக் ஒரு சாண் தூரம், வாய்க்கு நேரே இல்லாமல் கொஞ்சம் விலகி இருக்கட்டும். 'ப' வரும்போது காற்று மோதாது. எழுத்துப்படியைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க, தாள்களைச் சேர்த்துப் பின் ஊசி குத்தாதீங்க. ஒரு வாக்கியம் அடுத்த தாளுக்குத் தாவக் கூடாது. தாளைப் புரட்டாமல் பக்கவாட்டில் நகர்த்தணும். ஐந்து நிமிஷப் பேச்சுக்கு 450 சொல் போதும். 600 எழுதினால் முதலில் பலியாவது அந்த நிறுத்தம்தான்.

மர்பி ரேடியோ:
ஒரு மூச்சைப் பற்றிக் கேட்டேன், ஸ்டூடியோவே கட்டிக் கொடுத்துட்டீங்க!

வினைமுற்று:
மூவரும் தமிழ் இலக்கணத்தை விட்டுவிட்டீர்கள். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். சிரிப்புக்குரிய சொல் நடுவில் மாட்டிக்கொண்டு பின்னால் 'என்று சொன்னார்' வந்தால், எத்தனை வினாடி நிறுத்தினாலும் பயனில்லை. கீழே உள்ளது நானே கட்டிய உதாரணம், அவருடையது அல்ல.

"'மாத்திரையை மறக்காம சாப்பிடறேன் டாக்டர், எதுக்குன்னுதான் மறந்துபோச்சு' என்று ஞாபகமறதிக்காரர் சொன்னார்."

இதில் சிரிப்பு 'சொன்னார்' மேல் விழுந்து செத்துப்போகிறது. இப்படி மாற்றுங்கள்:

"அந்த ஞாபகமறதிக்காரர் சொன்னார்: மாத்திரையை மறக்காம சாப்பிடறேன் டாக்டர். எதுக்குன்னுதான்... மறந்துபோச்சு."

சொன்னவர் முன்னால் போய்விட்டார், கடைசிச் சொல் தனியாக நிற்கிறது. நிறுத்தம் அதற்கு முன்னால். அவருடைய பதிவு எதையாவது எடுத்து, 'சொன்னார்' எங்கே வருகிறது என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

நெல்லைச் சீமை:
அது இலக்கணம் இல்லை ஐயா, எங்க ஊர் டீக்கடைப் பேச்சு. "அவன் சொல்லுதான்..."னுதான் எல்லாக் கதையும் ஆரம்பிக்கும்.